காணாத விருந்தாளியின் தட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலில் வந்து நிற்கும். அதை விட்டால் கண்ணில். யாருக்கு எந்தக் கண்ணில் புரை எடுத்தார்கள், எத்தனை நிமிஷத்தில் முடிந்தது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். போன மாதம் என் முறை வந்தது. காலையில் பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தச்சநல்லூர் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மகள் எனக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "எம்மா, சினிமாக்காரி மாதிரில்லா இருக்கிய" என்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்தேன். அது என்னவென்று சொல்ல வேண்டுமானால், ஒன்பது வயதில் நான் ஆண்டவருக்குச் சோறு போட்ட கதையை முதலில் சொல்ல வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள். உங்களுக்கும் இனிமேல் என்ன அவசர வேலை இருக்கிறது?

முழுப் பரீட்சை முடிந்த மே மாதம் அது. வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி; சைக்கிளில் வந்து இறங்கும்போதே கிரீஸ் வாசனையும் கூட வரும். அம்மா. நான். அப்புறம் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். காலையில் குடும்ப ஜெபத்தில் வேதப்புத்தகத்தை எடுத்து வாசிக்கிற உரிமை அவளுக்குத்தான். அந்தக் குரலில் சங்கீதம் கேட்டால் அடுப்பில் பால் பொங்குவதைக்கூட அம்மா மறந்துவிடுவாள்.

நாங்கள் பாய் விரித்துச் சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலே சுவரில் ஒரு மரப்பலகை தொங்கியது. அப்பா அம்மா கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. உங்கள் வீடுகளிலும் அப்படி ஒன்று தொங்கியிருக்கும். இந்த வீட்டுக்குத் தலைவர் ஆண்டவர் என்றும், சாப்பாட்டு வேளையில் அவர் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி என்றும், நாம் பேசுவதையெல்லாம் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த வருஷம்தான் நான் அதை எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன். வாசித்ததும் எனக்குப் பகீரென்றது. எங்கள் வீட்டில் விருந்தாளி என்றால் சும்மா இல்லை. கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவருக்குக்கூடக் கருப்பட்டிக் காப்பி கொடுக்காமல் அம்மா அனுப்பமாட்டாள். மூன்று வேளையும் வந்து உட்காருகிற ஒருவருக்கு மட்டும் தட்டே இல்லை.

"எம்மா, ஆண்டவருக்குத் தட்டு எங்க?" என்றேன்.

"அவருக்கு எதுக்குட்டி தட்டு? பேசாமச் சாப்பிடு."

"பக்கத்து வீட்டுப் பெரியம்மா காக்காக்கே சோறு வச்சிட்டுத்தான சாப்பிடுதாவ? நம்ம ஆண்டவரு என்ன பாவம் பண்ணாரு?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சைவக்காரர். தினமும் மத்தியானம் மதில்மேல் ஒரு கவளம் வைத்து, கா கா என்று கூப்பிட்டு, காக்கா வந்து தொட்ட பிறகுதான் தானே சாப்பிட உட்காருவார். அத்தைதான் குறுக்கே வந்தாள். "வச்சிட்டுப் போறா, விடு பிள்ள. விருந்தாளின்னு சுவத்துல எழுதிப் போட்டுட்டுத் தட்டு வைக்கலன்னா நமக்குத்தான கேவலம்."

நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஓரத்தில் ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கும். அதை எடுத்துக் கழுவி, அத்தைக்கு வலது பக்கம் காலியாக இருந்த இடத்தில் வைத்தேன். என் பங்கிலிருந்து ஒரு கை சோறும் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் துவையலும் எடுத்து அதில் போட்டேன். சாப்பாடு முடிந்ததும் அம்மா, "விருந்தாளி சாப்பிட்டாச்சு, மிச்சத்த நீ தின்னு" என்று அதை என் தட்டிலேயே கவிழ்த்துவிடுவாள். இப்படியே ஒரு வாரம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் கறிக்குழம்பு. ஈரல் மட்டும் ஆளுக்கு ஒரே துண்டு. நான் ஈரலுக்காக உயிரை விடுவேன். அன்றைக்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டு என் ஈரலை எடுத்து நீலத் தட்டில் வைத்தேன். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார். அம்மா ரசம் எடுக்க அடுப்படிக்குள் போனாள். அப்போது அத்தையின் கை பாயின்மேல் பைய நகர்ந்து வந்தது. நீல விளிம்பைத் தொட்டது. கொஞ்சம் நின்றது. பிறகு உள்ளே போய் ஈரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

அத்தை ஆண்டவருடைய பங்கைத் திருடித் தின்றுவிட்டாள்! ஆண்டவருக்கு வைத்ததில் கைவைத்தவர்கள் அந்த இடத்திலேயே விழுந்து செத்த கதைகளை எல்லாம் ஞாயிறு பள்ளியில் கேட்டிருந்தேன். அத்தை விழப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, "ரசம் எங்க?" என்று கேட்டாள்.

ரசத்தோடு வந்த அம்மா தட்டைப் பார்த்தாள். "ஏட்டி, இதுல இருந்த ஈரல் எங்க? நீ தின்னியா?"

"இல்லம்மா."

"மதினி, நீங்க எடுத்தீயளா?"

"நான் என் பங்கைத்தான தின்னேன்" என்றாள் அத்தை, கொஞ்சமும் கூசாமல்.

திருட்டோடு பொய்யும் சேர்ந்துவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. இந்த உலகத்தில் எனக்கு அத்தையைப்போல வேறு ஆள் கிடையாது. அம்மைபோட்டுக் கிடந்த நாள்களில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். அவளைக் காட்டிக்கொடுக்க என்னால் ஆகாது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரு சாப்பிட்டுட்டாரும்மா. நான் பாத்தேன்."

அம்மா ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அப்பா மட்டும் முற்றத்திலிருந்தே, "எங்க ஒர்க்‌ஷாப்புல ஒரு போல்ட்டு காணாமப் போச்சுன்னா எவனோ எடுத்திருக்கான்னு அர்த்தம்" என்றார். அவருடைய சந்தேகம் முழுக்க என்மேல்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் சபைப் பெண்கள் ஜெபத்துக்குக் கூடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கூடினார்கள். எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெண்கள் சங்கத்துத் தலைவியம்மா, கனத்த உடம்புக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்.

"அவரு என்ன உடுத்திருந்தாரும்மா?"

"வெள்ளைச் சட்டை."

"செருப்பு போட்டிருந்தாரா?"

"வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் வந்தாரு."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் அத்தனை பேரும். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது யோசித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு அது பிடித்திருந்தது. முறுக்கு வந்தது, அச்சுமுறுக்கு வந்தது, டவுணிலிருந்து ஒரு பொட்டலம் அல்வாகூட வந்தது. ஒன்பது வயதில் இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் என்ன தீர்க்கதரிசியா?

அதோடு நின்றிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை. அடுத்த நாள் விடிந்ததும் அத்தையும் நானும் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். படித்துறையில் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினாள். பாசத்தில் பிடிக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு கண்ணில் லேசான மங்கல் இருக்கிறது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருக்கிறது என்பதுவரை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தினமும் அத்தனை வசனத்தைத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறவளுக்குக் கண்ணில் பெரிதாக என்ன இருந்துவிடப்போகிறது?

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அத்தை கேட்டாள். "ஏட்டி, என் கண்ணைப் பத்தி அவரு ஏதும் சொன்னாரா?"

நான் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தேன்.

"எனக்குப் பயமா இருக்குட்டி. யார்கிட்டயும் சொல்லல. எங்கூட வேலை பாத்த டீச்சர் ஒருத்திக்கு இப்படித்தான் கத்தி வச்சாவ. சீழ் பிடிச்சு, இருந்த வெளிச்சமும் போச்சு. அதுவும் இந்தக் கத்திரி வெயில்ல. கேட்டுச் சொல்லுதியா?"

தண்ணீருக்குள் அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. அந்த நடுக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது. அவள் பயம் போனால் போதும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

"அவரே தொடுதேன்னு சொன்னாரு அத்தை. கத்தி வேண்டாமாம்."

அத்தை மூன்று தடவை முங்கி எழுந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஈரச்சேலையோடு வீட்டுக்கு வந்தவள் நேராக அப்பாவிடம் போய், "தம்பி, நான் ஆபரேஷனுக்கு வரல" என்றாள். அப்பா கத்தினார். அம்மா அத்தையின் பக்கம் நின்றாள். ஆண்டவரே சொன்ன பிறகு நாம் என்ன சொல்வது என்றாள்.

மறுநாள் காலை ஜெபத்தில் அத்தை வழக்கம்போல வேதப்புத்தகத்தை மடியில் விரித்தாள். நான் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல் வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்தது. எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். மடியில் விரிந்திருந்தது சங்கீதம் அல்ல. புத்தகத்தின் கடைசியில் கலர் கலராகத் தேசப்படம் போட்டிருக்குமே, அந்தப் பக்கம். நீலக் கடலின்மேல் அவள் விரல் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது.

அத்தைக்கு ஒன்றுமே தெரியவில்லை. மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படித்துறையில் தோளைப் பிடித்தது விளங்கியது. ஈரலும் விளங்கியது. அவள் திருடவில்லை, எந்தத் தட்டு யாருடையது என்று தெரியாமல், தன் பங்கு என்று நினைத்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் சொன்ன பொய்க்கு வேலையே இல்லை.

அன்றைக்கே சாயங்காலம் கிணற்றடியில் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. புரை முத்தி உள்ளுக்குள்ள வீங்கிருச்சுன்னா பிறகு ஆபரேஷன் செஞ்சும் பிரயோசனம் இல்லையாம். பார்வை போனது போனதுதானாம். ஆஸ்பத்திரில போட்டு வச்ச பெட்டு வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. வார வியாழக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் வச்சிருக்கச் சொல்லியிருக்கேன்."

அந்த வாரம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வாயைத் திறந்தால் அம்மாவின் மானம் போகும். திறக்காவிட்டால் அத்தையின் கண் போகும். வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். ஆண்டவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினால், நீ என்னைப் பார்த்ததாகச் சொன்னாயே என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம். என் வாழ்க்கையில் நான் அவரிடமிருந்து ரொம்பத் தூரத்தில் இருந்தது அந்த வாரம்தான், ஊரெல்லாம் என்னை அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்த அதே வாரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், சாப்பிட வந்தார். தட்டுச் சங்கதி அவர் காதுக்கும் போயிருந்தது. தலைவியம்மாவும் வந்திருந்தார். ஐயர் பாவம், இரண்டு கோயிலில் ஆராதனை நடத்திவிட்டு வேர்த்து வழிந்து வந்து உட்கார்ந்திருந்தார். கறிக்குழம்பு மணத்தது. நான் நீலத் தட்டை எடுத்து வைக்கவில்லை.

"தட்டு எங்கட்டி?" என்றாள் அம்மா.

"ஐயருகிட்ட நீயே சொல்லும்மா, அவரு எப்படி வந்தாரு, என்ன சொன்னாருன்னு" என்றார் தலைவியம்மா.

எழுந்து நின்றேன். "நான் யாரையும் பாக்கல" என்றேன். "ஈரலைத் தின்னது அத்தை. அவங்களுக்குத் தட்டு தெரியல. ஒண்ணுமே தெரியல. ஆபரேஷன் வேண்டாம்னு ஆண்டவரு சொல்லல. நான்தான் சொன்னேன்."

அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அவள் என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். கோபத்தில் அடித்தாள் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்த பிறகுதான் அந்த அடியில் இருந்தது வெட்கம் என்று புரிந்தது. தன் பிள்ளைக்குக் கிடைத்ததாக நம்பிய அத்தனை பெரிய பாக்கியம் எல்லார் முன்னாலும் பொய்யாகப் போனதே.

அப்போது அத்தை சிரித்தாள். முதலில் லேசாக, அப்புறம் தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. "ஆண்டவரு தட்டுல கை வச்சது நானா! நல்லா வெந்திருக்கேன்னு ரசிச்சுல்லா தின்னேன்!" ஐயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அத்தை சிரிப்பை நிறுத்தினாள். "ஐயரே, இந்தப் பிள்ளைய அடிச்சா என்னையும் அடிக்கணும். ஆறு மாசமா நான் வேதத்தை வாசிக்கல. எழுத்து தெரியல."

"எக்கா, நேத்துக்கூட வாசிச்சியே?" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்திருந்தது.

"அது உள்ள கிடக்கு தம்பி. கண்ணு எதுக்கு? தெரியலன்னு சொன்னா வேலை போயிருமேன்னு பயம். வாசிக்கிற மாதிரி நடிச்சேன்." என் பக்கம் கையை நீட்டிக் காற்றில் தேடினாள். நான் ஓடிப்போய் அந்தக் கைக்குள் நின்றுகொண்டேன். "பிள்ளை சொன்னதுதான் பொய். அவரு தொடுவாருங்கது பொய்யில்ல. டாக்டர் கையால தொட்டா நான் வேண்டாம்பேனா? பயம் போகல. ஆனா வியாழக்கிழமை வாரேன்."

ஐயர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. குழம்பு ஆறுவதற்குள் ஜெபம் செய்து முடித்தார். அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அந்தக் காலத்துக் கண் ஆபரேஷன் உங்களுக்குத் தெரியும். இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். பகலில் அத்தைக்குத் துணை நான்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்டூல். டெட்டால் வாசனை. நான் சங்கீதம் வாசிப்பேன். தப்பாக வாசித்தால் கட்டுக்குள்ளிருந்தே திருத்துவாள். மற்ற நேரம் அவள் பேசுவாள், நான் ம் கொட்டுவேன்.

ஒருநாள் எனக்குக் குறும்பு தலைக்கேறியது. ம் கொட்டுவதை நிறுத்தினேன். மூச்சையும் அடக்கிக்கொண்டு, ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்து அவள் கூப்பிட்டால் சிரிக்கலாம் என்று திட்டம். அவள் கூப்பிடவே இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி, வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் முழிக்கிற ஒருத்தியைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான்தான் தோற்றேன்.

"அத்தை, நான் இங்கன இருக்கேன்னு எப்படித் தெரியும்? சத்தமே போடலையே?"

"தெரியாது" என்றாள். "நீ எங்கட்டி போயிரப் போற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று இருந்தது. பார்க்காமலேயே ஒருவர் நம்மை இப்படி நம்பிவிட்டால் நம்மால் எழுந்து போக முடியாது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள் என்பதால் இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு பேசுகிற பிள்ளைகளை ஆண்டவரும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அன்றைக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவரிடம் பேச எனக்குப் பயம் வந்ததில்லை.

கட்டு அவிழ்த்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று வந்தது. அதை மாட்டிக்கொண்டு அத்தை ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினாள். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவளே நீலத் தட்டை எடுத்துக் கழுவி, தன் ஈரலை அதில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"இதை நீ தின்னு."

"ஆண்டவரு சொன்னாரா?" என்றேன்.

"இல்லட்டி. நான்தான் சொல்லுதேன்."

அந்தத் தட்டு எந்த வீடு மாறும்போது போனதோ தெரியவில்லை. பலகை இருக்கிறது, ஒரு மூலை விரிந்துவிட்டது. அத்தை போய்ப் பல வருஷம் ஆகிறது. இத்தனை வயதுக்கு நான் ஆண்டவரை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. யாராவது பார்த்தேன் என்று சொன்னால் சண்டைக்குப் போவதும் இல்லை, அச்சுமுறுக்கு வாங்கிக்கொண்டு போவதும் இல்லை. ஆனால் அவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதில் ஒன்பது வயதில் இருந்ததைவிட இப்போது எனக்கு நிச்சயம் அதிகம்.

போன மாதம் அந்த மேசையில் பச்சைத் துணியை முகத்தில் போட்டு மூடினார்கள். கண்ணுக்கு மட்டும் ஒரு ஓட்டை. மேலே வெள்ளை வெளிச்சம், வேறொன்றும் தெரியவில்லை. ஆற்றில் அத்தையின் கை நடுங்கியதே, அந்த நடுக்கம் என் கைக்கு வந்தது. "இருக்கியளா?" என்று ஆண்டவரிடம் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. எனக்கு அந்த இரும்பு ஸ்டூல் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. நீங்க எங்க போயிரப் போறிய என்று சொல்லிவிட்டு, மகளுடைய மாற்றல் விஷயம், என் முழங்கால், போன வாரம் பொங்கி வீணாய்ப்போன பால் என்று வரிசையாகப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"எம்மா, யார்கிட்டப் பேசுதிய?" என்றது டாக்டர் குரல். "வாய் அசைஞ்சா கண்ணும் அசையும். பேசக் கூடாது."

சரி என்று வாயை மூடிக்கொண்டு பேசினேன்.